படியாள் பத்திரமும் விடுதலைச் சான்றும்

1891-ல் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ஜே.எச்.ஏ. ட்ரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை குறித்து மதராஸ் அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கல்யாணச் செலவுக்கு வாங்கிய சில ரூபாய்க் கடனுக்காக ஒருவர் தன் உழைப்பையே எழுதிக்கொடுத்து, கடன் அடையும்வரை மிராசுதாரின் நிலத்தில் படியாளாகக் கிடக்கும் வழக்கத்தை அது விவரித்தது. கூலி தானியமாக அளக்கப்பட்டது. வயிற்றுக்கே போதாத கூலியில் மிச்சம் பிடித்துக் கடனை அடைப்பது நடக்காத காரியம். 128 ஆண்டுகள் கழித்து, 2019 ஜூலையில், அன்று செங்கல்பட்டையும் உள்ளடக்கியிருந்த காஞ்சிபுரம் மாவட்டத்திலும் பக்கத்து வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து கொத்தடிமைகளாக இருந்த இருளர் பழங்குடியினர் 42 பேர் மீட்கப்பட்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. சொற்ப முன்பணத்துக்காக ஆண்டுக்கணக்கில் கட்டுப்பட்டிருந்தவர்கள் அவர்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படத்தை நாடே பார்த்தது. இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையில்தான் 1926-ன் அடிமைமுறை ஒழிப்பு உடன்படிக்கை, 1930-ன் கட்டாய உழைப்பு உடன்படிக்கை, 1948-ன் உலக மனித உரிமைப் பிரகடனம், 1966-ன் இரு பெரும் உடன்படிக்கைகள் எல்லாம் பிறந்தன.

அந்தச் சர்வதேச மனித உரிமை அமைப்பு பிழைக்குமா என்ற கேள்வி இன்று உலகெங்கும் எழுந்திருக்கிறது. ஐ.நா. மனித உரிமைப் பேரவையிலிருந்து அமெரிக்கா 2018-ல் ஒருமுறையும் 2025-ல் மறுமுறையும் விலகியது. உக்ரைன் படையெடுப்பை அடுத்து 2022-ல் ரஷ்யாவின் உறுப்பினர் உரிமை நிறுத்திவைக்கப்பட்டது. காசாவில் மக்கள் மடிந்ததைத் தடுக்க எந்த உடன்படிக்கையாலும் முடியவில்லை. பெரிய நாடுகள் கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாததால் ஐ.நா. அலுவலகங்கள் ஆட்குறைப்பில் இருக்கின்றன. இதைப் பார்த்து அமைப்பின் காலம் முடிந்தது என்கிறவர்களும் உண்டு; பணமும் மனமும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறவர்களும் உண்டு. இருவருமே ஜெனீவாவையும் நியூயார்க்கையும் பார்த்தே பேசுகிறார்கள். செங்கல்பட்டுச் சீமையின் கடந்த 200 ஆண்டுகளைப் படித்தால் வேறொரு உண்மை தெரிகிறது. தூரத்து மன்றத்தில் எழுதப்படும் உரிமை, கிராமத்தில் கையெழுத்திடும் அதிகாரியின் மேஜைக்கு வந்து சேரும்போதுதான் வாழ்கிறது அல்லது சாகிறது. அந்த மேஜையை யார் வசப்படுத்தி வைத்திருக்கிறார்கள், அதன் எதிரே நிற்பவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளில்தான் மனித உரிமையின் எதிர்காலம் அடங்கியிருக்கிறது.

செங்கல்பட்டு, இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மிக முன்னதாக வந்த பெரிய நிலப்பரப்புகளில் ஒன்று. ஆற்காட்டு நவாப் 1763-ல் இதை ஜாகீராகக் கொடுத்தார். 1790-களில் லயனல் பிளேஸ் இங்கே ஆட்சியராக இருந்து ஊர் ஊராக நில உரிமைகளைப் பதிவு செய்தார், 1816-ல் எஃப்.டபிள்யூ. எல்லிஸ் மிராசு உரிமை பற்றிப் புகழ்பெற்ற ஆய்வுரை எழுதினார். நிலத்தில் யாருக்கு என்ன பங்கு, ஏரி நீரில் யாருக்கு எத்தனை முறை, களத்து நெல்லில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் இப்படிக் காகிதத்துக்கு வந்தன. உழுது, நட்டு, அறுத்து, களம் சேர்த்தவருக்கோ களத்தில் அளந்து போடும் பங்குக்கு மேல் உரிமை ஏதும் இருப்பதாகப் பதிவாகவில்லை. அவர் குடியிருந்த சேரி மனைகூட மிராசுதாருக்குச் சொந்தம் என்றே வாதிடப்பட்டது. வரி வசூலுக்கு மிராசுதாரை நம்பியிருந்த அரசு, மிராசுதாரின் ஆள் பலத்தில் கைவைக்க விரும்பவில்லை. நம் வட்டாரத்தில் அடிமைத்தனம் நீடித்ததற்குப் பழைய வழக்கத்தின் பிடி மட்டும் காரணம் இல்லை. வருவாய் ஆவணம் என்ற புதிய கருவியும் அதற்குத் துணைநின்றது.

1833-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தபோது, கம்பெனி ஆண்ட பகுதிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கிவைத்தது. பத்து ஆண்டு கழித்து வந்த 1843-ம் ஆண்டின் 5-ம் எண் சட்டம் நான்கே பிரிவுகள் கொண்டது. அடிமை என்ற பெயரில் எந்த அதிகாரியும் ஒருவரை விற்கக் கூடாது. அடிமைமேல் சொத்துரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது. அடிமை என்பதற்காக ஒருவரின் உடைமையைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதருக்குச் செய்தால் குற்றமாகும் எதுவும் அவருக்குச் செய்தாலும் குற்றமே. இவ்வளவுதான். யாரும் விடுவிக்கப்படவில்லை, எந்தக் கடனும் தள்ளுபடியாகவில்லை, ஒரு சென்ட் நிலமும் கைமாறவில்லை. நீதிமன்றம் அடிமைமுறையின் பக்கம் நிற்காது என்பது மட்டுமே சட்டத்தின் சாரம். அடிமை என்ற சொல்லை விட்டுவிட்டுக் கடன் என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் போதும் என்று ஆண்டைகள் கண்டுகொண்டார்கள். 1859-ல் வந்த தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் அவர்களுக்குக் கைகொடுத்தது. முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராதவரை மாஜிஸ்திரேட் மூலம் வேலைக்கு அனுப்பவும் சிறையில் தள்ளவும் அது வழிசெய்தது. அந்தச் சட்டத்தை நீக்க 1925-ம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ட்ரெமென்ஹீரின் அறிக்கையில் மிகக் கூர்மையான பகுதி, இந்த வலை எங்கே முடிச்சிடப்படுகிறது என்று காட்டிய இடம். தரிசு நிலம் வேண்டி ஒரு சேரிக்காரர் தர்க்காஸ்து மனு கொடுத்தால், அந்த நிலத்தை எடுத்துக்கொள்ளும் முன்னுரிமை ஊர் மிராசுதாருக்கு உண்டு. தனக்கு அந்த நிலம் தேவையே இல்லாவிட்டாலும் அவர் குறுக்கே வந்து நிற்கலாம், நின்றார். தன் ஆள் சொந்த நிலத்தில் உழத் தொடங்கினால் தன் நிலத்தை யார் உழுவது என்பதே அவர் கவலை. மனு எழுதித்தருபவரும், நிலம் எது என்று அடையாளம் காட்டும் கர்ணமும், விசாரணைக்கு வரும் வருவாய் ஊழியரும் மிராசுதாரின் உறவிலோ தயவிலோ இருப்பவர்கள். மீறி மனு போட்டவரைக் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றிவிட முடியும். நிலம், வீட்டுமனை, கல்வி மூன்றும் சேர்ந்து கிடைத்தாலொழியச் சட்டப்படியான சுதந்திரத்துக்குப் பொருள் இல்லை என்று அந்த ஆட்சியர் வாதிட்டார். இந்த வட்டாரத்தில் பணிசெய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கூடி போன்ற மிஷனரிமார்களும் அதையே எழுதினார்கள். 1892-ல் அரசு ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது அதுதான். ஆனால் அடிமைத்தனம் இன்னும் இருக்கிறது என்ற குற்றச்சாட்டை அதே அரசு ஏற்க மறுத்தது. அதை ஒப்புக்கொண்டால் 1843 முதல் தான் சொல்லிவந்ததெல்லாம் பொய்யாகிவிடும். இருப்பதை இல்லை என்று சொல்லும் இந்த வழக்கம் ஆட்சி மாறியும் மாறவில்லை.

மனித உரிமை மேற்கிலிருந்து இறக்குமதியான சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாதது என்ற வாதத்தை இங்கேயே எதிர்கொண்டுவிடலாம். மேலே சொன்ன வரலாற்றில் மேற்கு ஒற்றைக் குரலில் பேசவில்லை. ஓர் ஆட்சியர் ஒன்றைச் சொல்ல, அவரை அனுப்பிய அரசு வேறொன்றைச் சொன்னது. உரிமைக்கான கோரிக்கையோ இந்த மண்ணிலேயே எழுந்தது. மதுராந்தகத்தை ஒட்டிய கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1890-களின் தொடக்கத்தில் பறையர் மகாஜன சபையை நடத்தினார், 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அதை எதிர்த்து அவருடைய சபை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. தேசியவாதிகளுக்கு அது கசப்பாக இருந்திருக்கும். ஆனால் மனுவின் காரணம் தெளிவானது: அதிகாரம் உள்ளூர் ஆதிக்க சாதியாரின் கையில் முழுதாகச் சேர்ந்துவிட்டால் எங்கள் மனுவை யார் படிப்பார்கள் என்ற அச்சம் அது. 1924-ல் மதராஸ் சட்டசபையில் பொதுச் சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் திறந்தவை என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றியவரும் அவரே. அம்பேத்கரோடு சேர்ந்து லண்டன் வட்டமேசை மாநாட்டில் அவர் கொடுத்த கோரிக்கைப் பட்டியல், ஊர்விலக்கைத் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கேட்டது. வீடு தர மறுப்பது, வேலை தர மறுப்பது, கொடுக்கல் வாங்கலை நிறுத்துவது எல்லாம் அதில் அடங்கும். செங்கல்பட்டுச் சேரியில் மனுப் போட்டவருக்கு நடந்த கதையே லண்டனில் சட்ட வாசகமாக வைக்கப்பட்டது. ஐ.நா. பிறப்பதற்கு 15 ஆண்டுகளுக்கு முன்னே அதற்கான மொழியை இங்கிருந்து போனவர் பேசினார். 1946-ல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டு அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும் இதே மரபின் தொடர்ச்சி.

தூரத்து மன்றங்கள் அடுத்த 50 ஆண்டுகளில் செய்தது என்ன? ஐ.நா.வுக்கு முன்னோடியான நாடுகள் சங்கத்தின் 1926 உடன்படிக்கை அடிமைமுறையை வரையறுத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29-ம் உடன்படிக்கை 1930-ல் கட்டாய உழைப்பைத் தடைசெய்தது. சுதந்திர இந்தியா அதை 1954-ல் ஏற்றது. அரசியல் நிர்ணய சபை கட்டாய உழைப்புக்குத் தடைபோடும் பிரிவை விவாதித்ததும், பாரிஸில் உலகப் பிரகடனம் நிறைவேறியதும் 1948-ன் அதே டிசம்பர் மாதத்தில். 1956-ல் ஜெனீவாவில் நிறைவேறிய துணை உடன்படிக்கைதான் கடனுக்காக உழைப்பை அடகு வைக்கும் முறையை முதன்முதலாகத் தெளிவாக வரையறுத்துத் தடைசெய்தது. உழைப்பின் மதிப்பு நியாயமாகக் கடனில் கழிக்கப்படாவிட்டால், அல்லது உழைப்பின் காலத்துக்கும் தன்மைக்கும் வரம்பு இல்லாவிட்டால், அது கொத்தடிமை. ட்ரெமென்ஹீர் பார்த்த படியாளை இதைவிடக் கச்சிதமாகச் சொல்ல முடியாது. இந்தியா 1960-ல் இதை ஏற்றது. இருந்தும் அரசியல் சாசனத்தின் 23-ம் பிரிவு நடைமுறைக்கு வந்து 25 ஆண்டுகள்வரை, கொத்தடிமை முறைக்கு எதிராக நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வரவில்லை. உடன்படிக்கை கதவைத் தட்டிற்று. கதவைத் திறக்க வேண்டியவர்கள் உள்ளூரில் இருந்தார்கள்.

கதவு திறந்தது நெருக்கடி நிலைக் காலத்தில். 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து 1976 பிப்ரவரியில் நிலையான சட்டமான கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், எதிர்க்கட்சியினர் சிறையில் இருந்தபோது, பத்திரிகைகளுக்குத் தணிக்கை இருந்தபோது பிறந்தது. சர்வாதிகாரமும் ஏழைக்கு உரிமை தரும், பேச்சுரிமையும் ஓட்டுரிமையும் வசதியானவர்களின் கவலை என்று இதைக் காட்டி வாதிடுவோர் இன்றும் உண்டு. சட்டத்தின் வாசகமே அதற்குப் பதில். அது மிக நல்ல சட்டம். கொத்தடிமைகள் அனைவரும் அந்தக் கணமே விடுதலை என்றது; கடனைத் திருப்பித் தரும் பொறுப்பை ரத்து செய்தது; இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமையைக் கடன் கொடுத்தவர்மேல் வைத்தது. மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு அமைத்து, அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மூவரை உறுப்பினராக்கச் சொன்னது. மேஜையின் மறுபக்கத்திலும் பாதிக்கப்பட்டவர் உட்கார வேண்டும் என்று முதன்முறையாகச் சட்டம் சொன்னது. ஆனால் அந்தக் குழுக்களை இயங்க வைக்கக் கூடியவை சங்கமும் பத்திரிகையும் நீதிமன்றமும். அவை அப்போது வாயடைக்கப்பட்டிருந்தன. சட்டம் உண்மையில் நடக்கத் தொடங்கியது நெருக்கடி நிலை விலகி, பொதுநல வழக்குகள் வந்த பிறகுதான். 1982-ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் நீதிபதி பகவதி, குறைந்தபட்சக் கூலி தராமல் வாங்கும் வேலையும் கட்டாய உழைப்பே என்றார். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கைகளும் 1966-ன் உடன்படிக்கையும் அந்தத் தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்டன. 1983-ல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கின் தீர்ப்பு, கட்டாயமாக வேலை வாங்குவது தெரிந்தால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும், மறுப்பதானால் முதலாளியும் அரசும் நிரூபிக்கட்டும் என்றது. ஜெனீவாவின் வாசகம் டெல்லித் தீர்ப்பாகி, கீழே இறங்க ஆரம்பித்தது.

இறங்கிய இடத்தில் பழைய மறுப்பு காத்திருந்தது. 1985-ல் தொடரப்பட்ட தமிழ்நாட்டுக் கொத்தடிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையர்களை நியமித்தது. சிராஜ் சேட்டும் பெலிக்ஸ் சுகிர்தராஜும் 1995-ல் தந்த அறிக்கை, மாநிலத்தில் 10 லட்சத்துக்கு மேல் கொத்தடிமைகள் இருப்பதாகச் சொன்னது. அரசு பிறகு நடத்திய கணக்கெடுப்பில் கிடைத்த எண்ணிக்கை சுமார் 25 ஆயிரம். 1997-ல் கண்காணிக்கும் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது. நாடு முழுவதும் 1978 முதல் மறுவாழ்வு பெற்றவர்கள் சுமார் 3 லட்சம் பேர். ஆனால் 2030-க்குள் 1.84 கோடிப் பேரை விடுவிப்பது இலக்கு என்று ஒன்றிய அரசே 2016-ல் அறிவித்தது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் உள்ள தூரம் எப்படி உண்டாகிறது என்பது ஒரு தாளில் தெரியும். மீட்கப்பட்டவருக்குக் கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்று அது. அது கையில் வந்தால்தான் கடன் ரத்து, உதவித்தொகை, வழக்கு எல்லாம். இது வெறும் கூலித் தகராறு, முன்பணப் பிரச்சினை என்று விசாரணையில் எழுதிவிட்டால், மீண்டவர் சட்டத்தின் கண்ணில் கொத்தடிமையாகவே இருந்ததில்லை. இருளராக இருந்தால் அதற்கு முன்பே பழங்குடிச் சான்றிதழுக்காக அலைய வேண்டியிருக்கும். 1892-ல் அரசு மொத்தமாகச் செய்த மறுப்பு, இப்போது ஆளுக்கு ஒன்றாகச் செய்யப்படுகிறது.

வளர்ச்சி வந்தால் இதெல்லாம் தானாக மறையும் என்பது இன்னொரு வாதம். இதே செங்கல்பட்டுச் சீமையின் நாவலூர் வட்டாரம் அந்த வாதத்தைச் சோதித்துப் பார்க்கச் சரியான இடம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இந்த ஊர்கள் இன்று பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிகளுமாக மாறிவிட்டன. இங்கே படியாள் இல்லை. நிலமே இல்லாத இடத்தில் யார் படியாள் வைப்பார்கள்? ஆனால் முன்பணம் என்ற கயிறு நெல் வயலிலிருந்து வேறு களங்களுக்கு நகர்ந்தது. வட தமிழ்நாட்டு அரிசி ஆலைகளில் இருளர் குடும்பங்கள் செய்த வேலையைப் பாருங்கள். முன்னிரவில் நெல்லை ஊறப்போட்டு, விடியுமுன் எழுந்து அடுப்பெரித்து அவித்து, பொழுது புலரும்போது களத்தில் பரப்பி, வெயில் ஏறியதும் காலால் கிளறிக்கிளறித் திருப்பி, மழை மேகம் கண்டால் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். ஆலைக்குள்ளேயே குடிசை. இரவும் பகலும் இழைந்துபோன வேலைக்குக் குடும்பத்துக்கே ஒரு கூலி, அதிலும் முன்பணப் பிடித்தம். மரம் வெட்டும் இடங்களிலும் செங்கல் சூளைகளிலும் இதே கதை. சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்தும் முன்பணம் கொடுத்துக் குடும்பம் குடும்பமாக ஆள் கொண்டுவரப்படுகிறது. அடுக்குமாடிகள் எழ எழச் செங்கல்லின் தேவை கூடியது. வளர்ச்சி படியாள் பத்திரத்தைக் கிழித்தது உண்மை. பத்திரமே இல்லாத கடனை அது கூடவே கொண்டுவந்தது. உலக அளவிலும் இதுவே நிலை: 2022-ல் வெளியான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் கட்டாய உழைப்பில் இருப்பவர்கள் 2.76 கோடிப் பேர்.

அவர்களாகத்தானே முன்பணம் வாங்குகிறார்கள், யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லையே என்று கேட்பவர்களுக்கும் நேர்மையான பதில் தர வேண்டும். ஏழைக்கு முன்பணம் தேவை. வங்கி அவருக்குத் தராது. முன்பணத்தையே தடைசெய்தால் அவருக்கு மருத்துவச் செலவுக்கும் வழி இராது. இது மெய். ஆகவே சோதனை, பணம் வாங்கியது எப்படி என்பதில் இல்லை. விலகிப் போக முடிகிறதா என்பதில் இருக்கிறது. வேறு ஆலையில் கூலி கூட என்றால் போக முடியுமா? கடன் கணக்கு எவ்வளவு கழிந்தது என்று கேட்க முடியுமா? பிள்ளை ஒன்றைப் பிணையாக விடாமல், சொந்தக்காரர் சாவுக்குக் குடும்பத்தோடு போய்வர முடியுமா? இவற்றுக்குப் பதில் ‘முடியாது’ என்றால், முதல் நாள் சம்மதம் மறுநாளே தீர்ந்துபோகிறது. 1956 உடன்படிக்கையின் வரையறை நிற்பது இந்த இடத்தில்தான்.

விலகிப் போகக் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும். அதனால்தான் நிலம் இந்தக் கதையில் திரும்பத்திரும்ப வருகிறது. மாமல்லபுரத்தை ஒட்டிய காரணையில் பஞ்சமி நிலம் கைமாறிப் போயிருந்ததை எதிர்த்து 1994-ல் மக்கள் இறங்கினார்கள். மீட்ட நிலத்தில் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அது அகற்றப்பட்டது. அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ட்ரெமென்ஹீர் கேட்டு 1892-ல் அரசு கொடுத்த நிலத்தை, 102 ஆண்டுகள் கழித்து அதே மாவட்டத்தில் கேட்டபோது கிடைத்தது துப்பாக்கிச் சூடு. ஒடுக்கப்பட்டோர் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனை ஆணையில் இருந்தும், பதிவு அலுவலகத்திலும் பட்டா ஏட்டிலும் அது கரைந்துபோனது. எந்தச் சட்டமும் கடைசி ஏட்டில் எழுதப்படாவிட்டால் எழுதப்படாததே.

எதிர்ப்பக்கத்துக்கு ஒரு சாட்சியும் இதே கடற்கரையில் உண்டு. பாம்புத் தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்துப் பிழைத்த இருளர்கள், 1970-களில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்தபோது தொழிலை இழந்தார்கள். முன்பணத் தரகருக்கு ஏற்ற இரையாக அவர்கள் ஆகியிருக்கக்கூடிய நேரம் அது. ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கரும் மற்றவர்களும் துணைநிற்க, 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் பதிவானது; வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் உறுப்பினர்கள் வனத்துறை அனுமதியோடு பிடித்துவந்து ஒப்படைக்கிறார்கள். துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்தபின் காட்டில் விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்து தயாரிப்போர் அந்த விஷத்தை வாங்குகிறார்கள். பிடித்த பாம்புக்கு விலை எழுதப்படுகிறது. கணக்கைப் பார்க்கும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. சங்க உறுப்பினர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். கூட்டுறவு சில நூறு பேருக்கானது, அரசு அனுமதியை நம்பி நிற்பது, எல்லா இருளருக்கும் விடிவு இல்லை. ஆனால் ஒரே சமூகம், ஒரே வறுமை, ஒரே வட்டாரம். ஒரு பக்கம் சங்கமும் உரிமமும் இருந்தன, மறுபக்கம் இரண்டும் இல்லை. வேறுபாடு அங்கேதான் பிறந்தது.

அப்படியானால் எல்லாம் உள்ளூரிலேயே முடிவாகிறதே, சர்வதேச அமைப்பு எதற்கு, நம் அரசியல் சாசனம் போதாதா என்பது வலுவான ஆட்சேபம். பதிலும் இந்த வரலாற்றில்தான். மறுப்பு எப்போதும் அரசின் குரலில் வருகிறது. அந்த அரசையே கேள்வி கேட்கும் இடம் அதற்கு வெளியே இருந்தாக வேண்டும். 29-ம் உடன்படிக்கையை ஏற்றதால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிபுணர் குழு கொத்தடிமைகளின் எண்ணிக்கை என்ன, நடவடிக்கை என்ன என்று இந்திய அரசிடம் ஆண்டுக்கணக்கில் கேட்டுவந்தது. 2001-ல் டர்பன் மாநாட்டில் சாதியைப் பேசக் கூடாது, அது உள்நாட்டு விவகாரம் என்று இந்தியா வாதிட்டது. தலித் இயக்கங்கள் அங்கே போய்ப் பேசின. மறு ஆண்டே இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, பிறப்பு வழிப் பாகுபாட்டில் சாதியும் அடங்கும் என்று பொதுப் பரிந்துரை வெளியிட்டது. தேசிய மனித உரிமை ஆணையத்தின் சுயேச்சை குறித்த ஐயத்தால் அதன் சர்வதேச அங்கீகாரம் 2023-லும் 2024-லும் ஒத்திவைக்கப்பட்டது. இவற்றில் எதுவும் ஒரு சூளையைத் திறந்துவிடவில்லை. ஆனால் அளவுகோல் வெளியே இருப்பதால்தான், உள்ளே அளப்பவர் குறைத்து அளந்தது தெரிகிறது. அந்த அளவுகோல் உடைந்தால் இழப்பு வல்லரசுகளுக்கு இல்லை. கோட்டாட்சியர் அலுவலக வாசலில் நிற்பவருக்குத்தான்.

அதனால் இந்த அமைப்பைக் காப்பதென்பது புதிய பிரகடனங்களை எழுதுவதில் இல்லை. உரிமை கடைசியாக வந்து நிற்கும் அலுவலகத்தைப் பலப்படுத்துவதில் இருக்கிறது. இந்தியா இன்னும் ஏற்காத அடிப்படைத் தொழிலாளர் உடன்படிக்கைகளில் 87-ம் 98-ம் அடங்கும். சங்கம் வைக்கும் உரிமையும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் அவை. கொத்தடிமை கூடாது என்று ஏற்றுக்கொண்டு, கொத்தடிமை ஆகாமல் தடுக்கும் சங்கத்தின் உரிமையை ஏற்காமல் விடுவது 1843-ன் அரைகுறை விடுதலையையே திரும்பச் செய்வதாகும். கட்டாய உழைப்பு உடன்படிக்கைக்கு 2014-ல் சேர்க்கப்பட்ட நெறிமுறை, தடுப்பையும் இழப்பீட்டையும் அரசின் கடமையாக்குகிறது. அதையும் ஏற்க வேண்டும். 2016 திட்டம் மறுவாழ்வுத் தொகையை 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய்வரை உயர்த்தியது நல்லது. ஆனால் முழுத் தொகையை வழக்கின் முடிவோடு முடிச்சுப் போட்டதால், வழக்கு இழுக்கும் ஆண்டுகளில் குடும்பம் மறுபடி முன்பணத்துக்கே போகிறது. அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும். கண்காணிப்புக் குழுக்கள் மாதந்தோறும் கூட வேண்டும், எத்தனை மனு வந்தது, எத்தனை சான்று தரப்பட்டது, மறுத்தால் காரணம் என்ன என்பதை வெளியிட வேண்டும். அந்த விவரம் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும், அங்கிருந்து ஜெனீவாவின் ஆய்வுக் குழுவுக்கும் போக வேண்டும். பஞ்சமி நிலத்தின் பட்டியல் ஊர் ஊராகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும். வல்லரசுகள் விலகினாலும் இவற்றில் ஒன்றுகூட நின்றுபோக வேண்டியதில்லை. இவை அனைத்தும் நம் சட்டமன்றத்தாலும் ஆட்சியராலும் செய்யக்கூடியவை. 1891-ல் ஓர் ஆட்சியர் உண்மையை எழுதினார், மேலிடம் மறுத்தது. இன்று மேலிடத்தில் உண்மை உடன்படிக்கையாக எழுதப்பட்டிருக்கிறது, கீழே மறுக்கப்படுகிறது. மேலிடமும் கீழிடமும் ஒரே நேரத்தில் ஒரே உண்மையைச் சொல்லும்படி செய்வதுதான் மனித உரிமை அமைப்பின் அடுத்த வேலை, அதைத் தொடங்கச் செங்கல்பட்டைவிடத் தகுந்த இடம் இல்லை.